பர்கர் நோய்

பர்கர் நோய் என்பது கை, கால்களில் உள்ள சிறிய, நடுத்தர அளவுடைய தமனிகளிலும் சிரைகளிலும் அழற்சியும் குருதி உறைவும் தோன்றி, குருதியோட்டம் தடைப்படும் ஒரு நோயாகும். மருத்துவ நூல்களில் இது த்ராம்போஆஞ்சைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்று வழங்கப்படுகிறது. குருதி உறைவோடு கூடிய குழாய் அழற்சி, முடிவில் அடைப்பு என்பது அப்பெயரின் பொருள். பெரும்பாலும் 20 முதல் 45 அகவைக்குட்பட்ட ஆண்களிடம் காணப்படும் இந்நோய், ஏறத்தாழ எப்போதும் புகையிலைப் பழக்கம் உடையவர்களுக்கே வருகிறது. உயிரைப் பறிப்பது அரிது. ஆனால் விரல், பாதம், கால் எனப் படிப்படியாக உறுப்பை இழக்கச் செய்வதால், உடலுழைப்பை நம்பி வாழும் இளைஞர் ஒருவருக்கு இதன் விளைவு மிகக் கடுமையானது.

இந்நோய்க்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல அறுவை முறைகளும் மருந்துகளும் ஆராயப்பட்டுள்ளன. அவற்றுள் எதுவும் புகையிலையை முற்றிலும் கைவிடுவதற்கு ஈடான பயனைத் தந்ததில்லை.

பெயரும் வரலாறும்

1879-இல் ஆஸ்திரிய அறுவை மருத்துவரான ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர், 57 அகவையுடைய ஒருவரின் அழுகிய காலை அகற்றி ஆராய்ந்து, அதன் குருதிக்குழாய்கள் வழக்கத்திற்கு மாறான முறையில் அடைபட்டிருந்ததை எழுதினார். அதே ஆண்டில் வியன்னாவில் பிறந்தவர் லியோ பர்கர். பின்னாளில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், வெட்டி அகற்றப்பட்ட 11 உறுப்புகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 1908-இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்க உதவும் கருவி ஒன்றின் வடிவமைப்பிலும் பர்கருக்குப் பங்குண்டு. அத்துறையினர் அவரை அக்கருவிக்காகவே நினைவில் வைத்துள்ளனர்.

இப்படியொரு தனி நோய் உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. 1960-இல் அமெரிக்க மருத்துவர் வெஸ்லர், பர்கர் நோய் எனக் கருதப்படுவது வழக்கமான தமனித் தடிப்பும் குருதி உறைவுமே என்று வாதிட்டார். 1962-இல் மெக்கியூசிக் உள்ளிட்டோர் இது தனித்த நோயே என்று மறுமொழி எழுதினர். மேற்கு நாடுகளில் நோய் அருகி வந்ததும் இந்த ஐயத்திற்கு ஒரு காரணமாகும். மேயோ மருத்துவ மையத்தின் பதிவுகளில் 1947-இல் ஒரு இலட்சம் நோயாளிகளுக்கு 104 ஆக இருந்த எண்ணிக்கை 1986-இல் 12.6 ஆகக் குறைந்திருந்தது. புகைப்பழக்கம் குறைந்தது, நோயை வரையறுக்கும் அளவுகோல்கள் இறுகியது ஆகிய இரண்டும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன.

தமனியில் நிகழ்வது

கால் தமனி அடைப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து தடிக்கும் நோய். அது முதுமை, நீரிழிவு, உயர் குருதியழுத்தம், மிகை கொழுப்பு ஆகியவற்றோடு வருவது. இடுப்பு, தொடை போன்ற இடங்களிலுள்ள பெரிய தமனிகளையும் தாக்குவது. சென்னையில் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான நகர்ப்புற மக்கள் ஆய்வு ஒன்றில், ஆராயப்பட்டோரில் 3.2 விழுக்காட்டினருக்குப் புறத்தமனி நோய் இருந்தது. நீரிழிவு உடையவர்களிடம் இது 6.3 விழுக்காடாக இருந்தது. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் கொழுப்புப் படிவு நோயையே அளக்கின்றன.

பர்கர் நோய் வேறு வகையானது. இதில் தமனியின் சுவர் பெரிதும் சிதைவதில்லை. சுவரின் உட்புற மீள்படலம் ஏறத்தாழ முழுமையாகவே இருக்கும். குழாயின் உள்ளே உறைந்த குருதிக்கட்டியில்தான் அழற்சி அணுக்கள் திரண்டிருக்கும். நாளடைவில் அக்கட்டி நாராக மாறிக் குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும். அடைப்பு தொடர்ச்சியாக இராமல் துண்டு துண்டாக இருப்பதும், முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும் உள்ள குழாய்களில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவதும் இதன் இயல்பு. பக்கத்திலுள்ள சிரைகளும் தாக்கப்படுகின்றன.

இந்த அழற்சியைத் தொடங்கி வைப்பது எது என்பது முழுமையாகத் தெளிவாகவில்லை. 1983-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளின் வெள்ளணுக்கள் கொலாசன் என்னும் புரதத்திற்கு மிகையாக எதிர்வினை காட்டுவதைக் கண்டது. 2005-இல் சப்பானிய ஆய்வாளர்கள், அடைபட்ட தமனிகளில் பல் ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் டி. என். ஏ. இருப்பதைக் காட்டினர். புகைப்பவர்களிடம் ஈறு நோய் மிகுதி என்பதால், இது காரணமா அல்லது உடன் நிகழ்வதா என்பது விவாதத்திற்குரியது. புகைப்போர் கோடிக்கணக்கில் இருக்க அவர்களுள் மிகச் சிலருக்கே இந்நோய் வருவதால், மரபுக்கூறும் பங்கு வகிக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அறிகுறிகளும் நோயின் போக்கும்

தொடக்கத்தில் நடக்கும்போது உள்ளங்காலின் வளைவிலோ கெண்டைக்காலிலோ வலி தோன்றும். சற்று நின்றால் வலி அடங்கும். எலும்பு வலி, மூட்டு வலி, சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கழிப்பது இந்தக் கட்டத்தில்தான். விரல்கள் குளிர்ந்து வெளிறும் அல்லது நீலம் பாரிக்கும். தோலுக்கு அடியிலுள்ள சிரைகளில் சிவந்த, வலியுள்ள தடிப்பு ஓரிடத்தில் தோன்றி மறைந்து, பின் வேறோர் இடத்தில் தோன்றும். இந்த இடம்பெயரும் சிரையழற்சி கொழுப்புப் படிவு நோயில் பொதுவாகக் காணப்படாததால், மருத்துவருக்கு இது ஒரு முதன்மையான துப்பு.

அடுத்த கட்டத்தில் ஓய்விலும் வலி நீடிக்கும். இரவில் வலி மிகும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சற்றுக் குறைவதால், நோயாளி உட்கார்ந்தே உறங்கப் பழகுவார். அதன்பின் சிறு காயமும் ஆறாது. நகம் வெட்டும்போது பட்ட கீறல், முள் குத்திய இடம், செருப்பு உராய்ந்த இடம் என ஏதோ ஒன்று புண்ணாகி, விரல் கறுத்து அழுகும். குளிர்ந்த காலுக்கு இதம் தேடி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது வழக்கம். குருதியோட்டம் குறைந்த, உணர்ச்சி மங்கிய தோல் எளிதில் வெந்துவிடுவதால் அந்த ஒத்தடமே அழுகலுக்குத் தொடக்கமாகிவிடலாம். பெரும்பாலான நோயாளிகளில் ஒரு காலோடு நோய் நிற்பதில்லை. வெளியே நலமாகத் தெரியும் கைகளிலும் படமெடுத்துப் பார்த்தால் அடைப்பு காணப்படுவது உண்டு.

நோயறிதல்

இந்நோயை உறுதிசெய்யும் தனிக் குருதிச் சோதனை ஏதும் இல்லை. சப்பானிய மருத்துவர் சியோனோயா வகுத்த அளவுகோல்கள் பரவலாகப் பயன்படுகின்றன. புகைப்பழக்கம் இருத்தல், 50 அகவைக்கு முன் தொடங்குதல், முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளில் அடைப்பு, கைகளிலும் பாதிப்பு அல்லது இடம்பெயரும் சிரையழற்சி, புகைத்தலைத் தவிரத் தமனித் தடிப்புக்கான வேறு காரணிகள் இல்லாமை ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும்.

முதற்கட்டச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பை விரலால் தொட்டுப் பார்க்கலாம். படுத்த நிலையில் காலை உயர்த்தினால் பாதம் வெளிறுவதும், தொங்கவிட்டால் செந்நீலமாக மாறுவதும் பர்கர் சோதனை எனப்படும். மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்திப்பிடித்து, ஒவ்வொன்றாக விடுவித்து உள்ளங்கை சிவப்பதைப் பார்க்கும் ஆலன் சோதனையை எட்கர் ஆலன் 1929-இல் இந்நோயைக் கண்டறிவதற்காகவே விவரித்தார். இன்று மணிக்கட்டுத் தமனியில் ஊசி செலுத்துமுன் செய்யப்படும் சோதனையாகவே அது மிகுதியும் அறியப்படுகிறது. தமனிக்குள் மருந்து செலுத்தி எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில், அடைப்பைச் சுற்றி வளர்ந்த மெல்லிய கிளைக்குழாய்கள் தக்கைத் திருகு போலச் சுருண்டு தெரியும். நீரிழிவு, இதயத்திலிருந்து வரும் குருதிக்கட்டி, தோல் இறுக்க நோய் முதலியவை இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

புகையிலையும் பீடியும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ மையத்தில் 1970 முதல் 1987 வரை பார்க்கப்பட்ட 112 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1990-இல் வெளியானது. புகைப்பதை விட்டவர்களுள் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே பின்னர் உறுப்பு நீக்கம் தேவைப்பட்டது. விடாதவர்களுள் பத்தில் நான்கு பேருக்கு மேல் உறுப்பை இழந்தனர். இந்நோயைப் பற்றிய எந்த மருந்து ஆய்வும், எந்த அறுவை ஆய்வும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டியதில்லை எனலாம்.

இங்கே குறைத்தல் என்பது போதுமானதன்று. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பீடி புகைப்பதும், வாயில் புகையிலை அடக்குவதும் நோயை உயிர்ப்புடன் வைத்திருக்கக்கூடும். புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை ஆகியவை மற்றவர்களுக்கு நல்ல துணை என்றாலும், நிகோட்டினே நோயைத் தூண்டலாம் என்ற ஐயத்தால் பர்கர் நோயாளிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நிகோட்டின் அல்லாத மாத்திரைகளும் தொடர்ந்த அறிவுரையுமே அவர்களுக்கு ஏற்றவை. நோயாளி உண்மையில் விட்டுவிட்டாரா என்பதைச் சிறுநீரில் கோட்டினின் அளவை அறிவதன் மூலம் சோதிக்க முடியும்.

இந்தியாவில் இது பெரிதும் பீடியின் கதையாகும். 2016-17-இல் எடுக்கப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயதுவந்தோருள் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4.0 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். பீடி இலையில் சுற்றப்படுவதால் பீடியின் உறை காற்றை எளிதில் உட்புக விடாது. அணையாமல் வைத்திருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. அளவில் சிறியதாதலால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறானது. மருத்துவர் புகைப்பதை நிறுத்தச் சொன்னதும் சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவதால் பயன் ஏதும் இல்லை.

புறத்தமனி நோயாளிகளுள் பர்கர் நோயாளிகளின் பங்கு மேற்கு ஐரோப்பாவில் 0.5 முதல் 5.6 விழுக்காடு என்றும், இந்தியாவில் 45 முதல் 63 விழுக்காடு என்றும் நூல்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன. இந்த எண்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். இவை 1980-களிலும் அதற்கு முன்னும் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களைக் கொண்டு கணக்கிடப்பட்டவை; மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு நோய் உள்ளது என்பதைக் கூறுபவை அல்ல. நீரிழிவு பெருகியுள்ள இக்காலத்தில் கொழுப்புப் படிவு நோயின் பங்கு கூடியிருப்பதையும் கருத வேண்டும்.

அறுவை மருத்துவமும் அதன் எல்லையும்

அடைபட்ட தமனியைச் சுற்றி மாற்றுவழி அமைப்பது குருதிக்குழாய் அறுவையின் அடிப்படை உத்தியாகும். நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் இணைத்துவிட்டால் குருதி அதன் வழியே பாயும். கொழுப்புப் படிவு நோயில் இது நன்கு பயன்படுகிறது. பர்கர் நோயில் இடர்ப்பாடு அடைப்புக்குக் கீழே உள்ளது. ஏரியிலிருந்து புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினாலும் கடைமடை வாய்க்கால்கள் எல்லாம் தூர்ந்திருந்தால் நீர் வயலைச் சேராது. அதுபோல, கணுக்காலிலும் பாதத்திலும் உள்ள சிறு தமனிகள் அடைபட்டிருந்தால் புதிய குழாயை இணைக்க இடமே இராது. மாற்றுவழிக்கான சிரையும் அழற்சியால் கெட்டிருக்கக்கூடும். சப்பானில் 1997-இல் வெளியான ஆய்வொன்றில், மாற்றுவழி அமைக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழப் பாதி மட்டுமே ஐந்தாண்டுகளுக்குப் பின் அடைபடாமல் இருந்தன. புகைப்பதை விட்டவர்களிடம் இது மூன்றில் இரண்டு பங்காகவும், விடாதவர்களிடம் மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே அறுவையின் விளைவும் நோயாளியின் பழக்கத்தைப் பொறுத்தே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதனால் இந்தியாவில் நெடுங்காலம் மிகுதியாகச் செய்யப்பட்டது வேறோர் அறுவை. முதுகெலும்பின் இருபுறமும் செல்லும் பரிவு நரம்புகள் குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. இடுப்புப் பகுதியில் அந்நரம்பு முடிச்சுகளை வெட்டி நீக்கினால் காலின் தோலிலுள்ள குழாய்கள் விரியும். இந்த முறையை அர்சென்டினாவின் ஊலியோ தியேசு 1924-இல் கையாண்டார். கடும் புகைப்பழக்கம் உடையவரான இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜுக்கு 1949 மார்ச்சில் இவ்வறுவை செய்யப்பட்டது. செய்தவர் ஜேம்ஸ் லியர்மன்த். அரசருக்கு இருந்தது பர்கர் நோயா, கொழுப்புப் படிவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இம்முறையால் தோலுக்குச் செல்லும் குருதி கூடுகிறது, மேலோட்டமான புண் ஆற உதவுகிறது. தசைக்குச் செல்லும் குருதி கூடாததால் நடக்கும்போது வரும் வலி பெரிதாக மாறுவதில்லை.

வயிற்றிலுள்ள கொழுப்பு மடிப்பாகிய வபையைத் தோலுக்கு அடியில் காலுக்கு நீட்டிக் கொண்டுவந்து புதிய நுண்குழாய்களை வளரச் செய்யும் முறையும் இந்திய மருத்துவமனைகளில் பரவலாக முயலப்பட்டது. கணைக்கால் எலும்பின் ஒரு பகுதியை வெட்டி, வளையக் கருவியால் சிறிது சிறிதாக விலக்கி, அவ்விடத்தில் குருதிக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் இலிசாரவ் முறையைப் பற்றி மகாராட்டிர மருத்துவர்கள் 60 நோயாளிகளின் விவரங்களோடு 2011-இல் எழுதினர். இவை பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள். அறுவைக்குப் பின் அஞ்சிப் பீடியை விட்டதனால் புண் ஆறியதா, அறுவையால் ஆறியதா என்பதை அவற்றிலிருந்து பிரித்தறிவது கடினம்.

மருந்துகளும் குருத்தணுக்களும்

குழாய்களை விரித்து, குருதித் தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் ஐலோப்ரொஸ்ட் என்னும் மருந்து 1990-இல் ஐரோப்பாவில் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது. நாள்தோறும் பல மணிநேரம் சிரைவழி செலுத்தப்பட்டு 28 நாட்கள் ஆனபின், ஐலோப்ரொஸ்ட் பெற்றவர்களுள் 85 விழுக்காட்டினரும் ஆஸ்பிரின் பெற்றவர்களுள் 17 விழுக்காட்டினரும் பயன் அடைந்திருந்தனர். 2006-இல் துருக்கியில் 200 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பரிவு நரம்பு நீக்கத்தைவிட இம்மருந்து 24 வாரங்களில் மேலான பலனைத் தந்தது. எனினும் மருந்தின் விலையும், மருத்துவமனையில் பல நாட்கள் தங்க வேண்டியிருப்பதும் கூலித் தொழிலாளர் ஒருவருக்கு எளிதான செய்தி அல்ல.

நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த அணுக்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்தினால் புதிய குழாய்கள் வளரக்கூடும் என்பதைச் சப்பானிய ஆய்வு ஒன்று 2002-இல் காட்டியது. இவ்வழியில் பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், நலமுள்ள கொடையாளர்களின் எலும்பு மச்சையிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கிய அணுக்களைக் கொண்டு ஸ்டெம்பியூசெல் என்னும் மருந்தை உருவாக்கியது. பர்கர் நோயால் உறுப்பிழக்கும் நிலையில் உள்ளவர்களுக்குப் பயன்படுத்த இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் 2016-இல் வரையறுக்கப்பட்ட இசைவு அளித்தார். ஒரு குருத்தணு மருந்து இந்தியாவில் முதன்மையாகப் பர்கர் நோய்க்காக ஆராயப்பட்டது, இந்நோய் இங்கு எவ்வளவு இடம் பிடித்துள்ளது என்பதற்கு ஒரு சான்றாகும்.

தமிழ்நாட்டில், குறிப்பாக விழுப்புரம் பகுதியில்

தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் குருதிக்குழாய் அறுவைக்கெனத் தனித்துறைகள் உள்ளன. ஊர்ப்புற நோயாளி இவற்றை அடையும் முன் கழியும் காலமே பெரும்பாலும் விரலின் கதியை முடிவு செய்கிறது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கிளியனூரை எடுத்துக்கொள்ளலாம். நெல், கரும்பு, இப்பகுதியில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை, சவுக்கு ஆகியவை பயிராகும் பகுதி இது. வெறுங்காலோடு வயலில் நிற்பதும், முள்ளும் சவுக்குக் கட்டையும் காலில் படுவதும் அன்றாட நிகழ்வு. ஆறாத கால் புண்ணோடு ஒருவர் முதலில் ஊரிலுள்ள மருந்துக்கடைக்கும், பின் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும் செல்வார். அதற்கு மேலான மருத்துவத்திற்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. மற்றொன்று, இதயம், நெஞ்சு, குருதிக்குழாய் அறுவைத் துறையைக் கொண்ட புதுச்சேரி ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியான ஜிப்மர், 2008-இல் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. மாநில எல்லையைக் கடந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கு செல்கின்றனர்.

கறுத்த விரலைக் கண்டவுடன் சர்க்கரை நோய் என்று முடிவு செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. குருதிச் சர்க்கரை இயல்பாக உள்ள, முப்பது அகவை மதிக்கத்தக்க, பீடி புகைக்கும் ஆணுக்கு ஆறாத புண் இருந்தால், கட்டு மாற்றுவதற்கு முன் பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது முதல் வேலை. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய முடியும். இரு பாதங்களிலும் துடிப்பு இல்லையென்றால் நோயாளியைத் தாமதமின்றி மேல் மருத்துவத்திற்கு அனுப்ப வேண்டும். காலை வெயிலிலும் குளிரிலும் காயம் படாமல் காத்தல், பொருத்தமான காலணி அணிதல், ஒத்தடத்தைத் தவிர்த்தல் ஆகியவை எந்த நிலையிலும் பயன் தருவன.

பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. புகையிலைப் பொருட்களின் உறையில் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெற வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தேநீர்க் கடையில் உதிரியாக ஒன்றிரண்டு பீடி வாங்குபவர் கண்ணில் அந்த உறை படுவதில்லை. பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் அறிவுரை பெறலாம்.